மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துக்கு முன் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்குகளைச் சமரசமாக முடித்து வைக்கும் தேசிய மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) கூடி முடிந்த மறுநாள் நாளிதழ்களில் இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று, ஒரே நாளில் எத்தனை வழக்குகள் தீர்ந்தன என்பது. மற்றொன்று, மொத்தம் எத்தனை கோடி ரூபாய் என்பது. அந்தத் தொகையில் கணிசமான பங்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீடுதான். கை கால் இழந்தவருக்கும், குடும்பத் தலைவனை இழந்த வீட்டுக்கும் கிடைத்த அந்தத் தொகை நியாயமானதா, அதை யார் எப்படிச் சரிபார்த்தார் என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. வழக்குக் கட்டில் இருக்கும் உத்தரவும் பெரும்பாலும் சொல்வதில்லை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, மணலி, எண்ணூர்ப் பகுதி மக்களின் விபத்து வழக்குகளை நடத்துகிறவர்கள் என்ற முறையில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

சமரசத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். தீர்ப்பு, மேல்முறையீடு, பணம் கட்ட அவகாசம் என்று ஆண்டுக்கணக்கில் இழுப்பதைவிட, முப்பது நாளில் வங்கிக் கணக்குக்கு வரும் பணம் ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து மீட்கும். எங்கள் குறை வேறு. இந்தச் சமரசத்தை இரண்டு தரப்பும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று சட்டம் விட்டுவிடவில்லை. நடுவில் ஒரு நீதிபதியை உட்கார வைத்திருக்கிறது. அவருடைய வேலை வெறும் கையெழுத்தாகச் சுருங்கிவிட்டால், பேரம் பேசத் தெரிந்தவரின் தொகையே நீதிமன்றத்தின் தொகையாகிவிடுகிறது.

உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில்தான் சென்னையின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. மக்கள் நீதிமன்ற நாளில் காப்பீட்டு நிறுவன அதிகாரி கையில் ஒரு பட்டியலோடு வருவார். ஒவ்வொரு எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) எண்ணுக்கும் எதிரே மண்டல அலுவலகம் அனுமதித்த உச்சத் தொகை குறிக்கப்பட்டிருக்கும். மனுதாரரின் வழக்கறிஞர் ஒரு தொகை சொல்வார், அதிகாரி ஒரு தொகை சொல்வார், சில நிமிடங்களில் இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தில் முடியும். உடனே இரு தரப்பும் கையெழுத்திடும் சமரசக் குறிப்பான ஒரு பக்க ஜாயின்ட் மெமோ தயாராகும். வழக்கு எண், விபத்துத் தேதி, 'வட்டி, செலவுத் தொகை அனைத்தும் உட்பட முழுமையாகவும் இறுதியாகவும்' இத்தனை ரூபாய், இத்தனை நாளில் டெபாசிட், கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. அவ்வளவுதான். வருமானம் எவ்வளவு என்று எடுத்துக்கொண்டார்கள், ஊனம் எத்தனை சதவீதம், எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இருக்காது. அந்த மெமோவையே திருப்பி எழுதியதாகத்தான் உத்தரவும் இருக்கும்.

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, பிரிவு 21-இன்படி இந்த உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதை எதிர்த்து எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு கிடையாது. அரசியலமைப்பின் 226, 227 பிரிவுகளின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அதுவும் மிகக் குறுகிய காரணங்களுக்கு மட்டுமே என்று ஜலூர் சிங் வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொகை குறைவு என்பது அந்தக் காரணங்களில் ஒன்றல்ல. ஆகவே எதைப் பார்க்க வேண்டுமானாலும் கையெழுத்துக்கு முன்னால்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு ஓர் உதாரணம். துறைமுகக் கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் 32 வயதுத் தொழிலாளி. மாத வருமானம் 15,000 ரூபாய். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி மோதி முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. பிளேட் வைத்தும் கால் சரியாக மடங்கவில்லை, மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது. பேரம் நடக்கும் மேசையில் வழக்கமாகப் போடும் கணக்கு, சதவீதத்துக்கு இவ்வளவு என்ற பெருக்கல். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தாலும் 2,00,000 ரூபாய்தான் வருகிறது.

ஆனால் இவர் பிழைப்பு கால்களை நம்பியது. ராஜ்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இதுதான்: காலுக்கு எத்தனை சதவீத ஊனம் என்பதோடு நிற்காமல், அந்த ஊனத்தால் இந்த ஆளின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து எழுதும் ஒருவருக்கு அந்த இழப்பு மிகக் குறைவாக இருக்கலாம். மூட்டை தூக்குகிறவருக்கு அப்படியல்ல. 30 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழே உள்ள, நிரந்தர அரசு வேலை போன்ற பணியில் இல்லாதவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று பிரணய் சேத்தி வழக்கு 2017-இல் சொன்னது. நிரந்தர ஊன வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தீர்ப்பானது. 15,000-உடன் 6,000 சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. சரளா வர்மா வழக்கின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கு எண் (வயதுக்கேற்ப ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண்) 16. ஆக 40,32,000. அதில் 30 சதவீதம் 12,09,600 ரூபாய். காயம்பட்டவர் உயிரோடு இருப்பதால் சொந்தச் செலவு என்று எதையும் கழிக்கக் கூடாது. இதோடு ஆறு மாதம் வேலைக்குப் போகாத சம்பளம் 90,000, வலி வேதனை, உடனிருந்தவர் செலவு, சத்துணவு, போக்குவரத்து, பிளேட்டை எடுக்கும் அறுவைச் சிகிச்சைச் செலவு ஆகியவையும் சேரும்.

அதே மனிதர், அதே கால், அதே மருத்துவச் சான்று. ஒரு கணக்கு இரண்டு லட்சம், மற்றொன்று பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். வழக்கை முழுக்க நடத்தினால் 13 லட்சம் கிடைக்கக்கூடிய இடத்தில், இன்றே கைக்கு வருகிறது என்பதற்காக 11 லட்சத்துக்கு ஒப்புக்கொள்வது நியாயமான சமரசம். விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று தெரிந்து விட்டுக்கொடுப்பது அது. நான்கு லட்சத்துக்குக் கைநாட்டு வைத்தவரிடம் இரண்டாவது கணக்கை யாரும் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள்.

'வட்டி உட்பட' என்ற இரண்டு சொற்களையும் யாரும் கவனிப்பதில்லை. மனு தாக்கலான நாளிலிருந்து வட்டி தருவது வழக்கம். நம் தீர்ப்பாயங்களில் 7.5 சதவீதம் பரவலாக வழங்கப்படுகிறது. வழக்கு நான்கு ஆண்டு நிலுவையில் இருந்தால் 12,09,600 ரூபாய்க்கு வட்டி மட்டும் 3,62,880 ரூபாய். அந்த இரண்டு சொற்களால் அது போய்விடுகிறது.

வடசென்னைக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. இங்கே அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கே போகிறார்கள். தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்த பிறகு தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் வரம்புக்குள், கட்டணம் இல்லை. மக்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் கையில் பில் இல்லை என்பதைக் காட்டி 'மருத்துவச் செலவே இல்லையே' என்று பேரத்தில் மொத்தத் தொகையையே குறைக்கிறார்கள். மருத்துவச் செலவு என்ற தலைப்பு மட்டும்தான் பூஜ்யமாகலாம். சம்பாத்திய இழப்பும் வலியும் உடனிருந்த மனைவி இழந்த கூலியும் அப்படியே இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, புறநோயாளிச் சீட்டுகள், ஒவ்வொரு முறையும் எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றைத் தேதி வரிசையில் வைத்திருந்தால் இந்த வாதம் எடுபடாது. வெளியே வாங்கிய மருந்து, வாக்கர், ஆட்டோ வாடகைச் சீட்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம்.

தொகையைப் போலவே முக்கியம், எப்போது சமரசம் செய்கிறோம் என்பது. எலும்பு கூடியதா என்று தெரியுமுன், உள்ளே வைத்த பிளேட் எடுக்கப்படுமா என்று மருத்துவர் சொல்லுமுன் போடும் எந்தக் கணக்கும் ஊகம்தான். தலையில் அடிபட்டவர்களுக்கு வலிப்பு மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். ஞாபக மறதியும் கோபமும் வீட்டாருக்குத் தெரியும், ஸ்கேன் அறிக்கையில் இருக்காது. திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 149 இங்கே இரண்டு பக்கமும் வெட்டும். விபத்துத் தகவல் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் இதற்கென ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள் தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகையை முன்வைக்கலாம். பாதிக்கப்பட்டவர் ஏற்றால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும், அந்தப் பதிவு கிடைத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். மறுத்தால் வழக்கு வழக்கம்போல் விசாரணைக்குப் போகும். 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. இதற்கு வழி செய்யத்தான் காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தர வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. மரண வழக்குகளுக்கு இந்த வேகம் நல்லது. இறந்தவரின் வயதும் வருமானமும் இனி மாறப்போவதில்லை. நிரந்தர ஊனம் வரக்கூடிய காயத்துக்கு முப்பதாவது நாளில் இறுதித் தொகை பேசுவது ஆபத்து. மறுத்தால் உரிமை போகாது என்பதைக் குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி குழந்தைகள். எங்களை அதிகம் உறுத்துவது இதுதான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 32, விதி 7 தெளிவாக இருக்கிறது. நீதிமன்றத்தின் அனுமதி, வழக்கின் பதிவில் வெளிப்படையாக எழுதப்பட்ட அனுமதி, இல்லாமல் சிறாருக்காகக் காப்பாளர் எந்தச் சமரசமும் செய்யக் கூடாது. அனுமதி கேட்கும் மனுவோடு காப்பாளரின் பிரமாணப் பத்திரம் வேண்டும். குழந்தைக்கு வழக்கறிஞர் இருந்தால், இந்தச் சமரசம் குழந்தையின் நன்மைக்கானது என்பது தன் கருத்து என்று அவர் தனியாகச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இருந்தாலும் நீதிமன்றம் தானே ஆராயலாம் என்று அதே விதி சொல்கிறது. மூளைக் காயத்தால் தன் நலனைத் தானே காத்துக்கொள்ள முடியாத பெரியவருக்கும் விதி 15 மூலம் இதே பாதுகாப்பு உண்டு. கைநாட்டு வைக்க அவரால் முடிகிறது என்பது, வைப்பது எதற்கு என்று அவருக்குப் புரிகிறது என்பதற்குச் சான்றாகாது.

நடைமுறையில் நடப்பது என்ன? மனுவும் பிரமாணப் பத்திரமும் மக்கள் நீதிமன்றம் கூடும் அன்று காலையில் தட்டச்சாகின்றன. எல்லா வழக்குக்கும் ஒரே வாசகம், பெயரும் வயதும்தான் மாறும். சில வழக்குகளில் மனுவே இருக்காது. உத்தரவில் 'சிறார், தாயார் மூலம்' என்று மட்டும் இருக்கும். இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, சமரசத்தைப் பதிவு செய்யும் வேலை மட்டுமே உண்டு என்று ஜலூர் சிங் வழக்கே கூறுகிறது. அப்படியானால் விதி 7-இன் அனுமதியை வழக்கு நிலுவையில் உள்ள தீர்ப்பாயம்தான், வழக்குக் கட்டை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்புமுன், ஆராய்ந்து தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அனுமதி இல்லாத சமரசத்தைச் சிறார் செல்லாததாக்கலாம் என்பது உண்மைதான். பதினெட்டு வயதில் புதிதாக ஒரு வழக்கைத் தொடங்கும் வசதி எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது?

அனுமதி மனுவில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறோம். பிறப்புச் சான்றிதழ்ப்படி வயது, காயம் என்ன, இதுவரை என்ன சிகிச்சை, இனி என்ன சிகிச்சை வேண்டும் என்று சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதியது, ஊனச் சான்று, மனுவில் கேட்ட தொகை, நிறுவனம் முதலில் சொன்ன தொகை, முடிந்த தொகை எப்படி வந்தது, அதில் குழந்தையின் பங்கு எவ்வளவு, எந்த வங்கியில் எந்த வயது வரை, உடனடியாக எடுக்கப்போவது எவ்வளவு, எதற்காக. இவற்றை எழுத உட்கார்ந்தாலே பாதிக் குறைகள் தெரிந்துவிடும்.

குழந்தையின் எலும்பு வளர்கிற எலும்பு. தொடை எலும்பின் நீளத்தில் பெரும்பகுதி, முழங்காலுக்குச் சற்று மேலே அதன் கீழ்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டிலிருந்து வருகிறது. தண்ணீர் லாரி மோதி எட்டு வயதில் அந்த இடத்தில் முறிவு ஏற்பட்ட குழந்தை ஓராண்டில் நன்றாக நடக்கும், ஓடும். சமரச மேசையில் 'குழந்தை குணமாகிவிட்டது' என்பார்கள். அந்தத் தட்டு சேதமாகியிருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில்தான் ஒரு கால் குட்டையாகியோ வளைந்தோ போயிருப்பது தெரியும், அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அதனால் வளர்ச்சித் தட்டு அருகே முறிவு இருந்ததா என்று எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் கேட்காமல், இரண்டு கால்களையும் அளந்து ஒப்பிடும் எக்ஸ்ரே எடுக்காமல் எந்தக் குழந்தை வழக்கையும் முடிக்கக் கூடாது. தொகையைப் பொறுத்தவரை, கடுமையான ஊனமுற்ற குழந்தைக்கு ஏதோ ஒரு மொத்தத் தொகை என்ற பழக்கத்தை 2020-இல் காஜல் வழக்கு மாற்றிக் காட்டியது. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை வருமானமாக வைத்து, பெருக்கு எண் 18 எடுத்து, வாழ்நாள் முழுக்க இரண்டு உதவியாளர்களுக்கான செலவுக்கும் அதே பெருக்கு எண்ணைப் பயன்படுத்தியது உச்ச நீதிமன்றம். நீதிபதி சமரசத் தொகையை ஒப்பிட வேண்டியது இந்த அளவுகோலோடுதான்.

மரண வழக்குகளில் குடும்பத்தில் யாரையும் விட்டுவிடாமல் சேர்ப்பது முக்கியம். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று மூன்று பேர் மட்டும் இருந்தால் இறந்தவரின் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். ஊரில் தனியாக இருக்கும் அவருடைய தாயும் அவர் அனுப்பிய பணத்தில் வாழ்ந்தவர் என்றால் சார்ந்திருப்போர் நான்கு பேர், கழிவு நான்கில் ஒரு பங்குதான். மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சு இல்லை என்பதற்காக ஒருவரை விட்டால் நட்டம் இருவருக்கும். ஜாயின்ட் மெமோவில் மொத்தத் தொகையோடு ஒவ்வொருவரின் பங்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு வாகனங்கள் மோதிய வழக்குகள் தனி வகை. ஷேர் ஆட்டோவில் போன பயணி, கண்டெய்னர் லாரி, இரண்டு ஓட்டுநர் மீதும் தவறு. பயணி தன் முழு இழப்பீட்டையும் எந்த ஒரு தரப்பிடமும் வாங்கலாம், கொடுத்தவர் மற்றவரிடம் அவர் பங்கை வசூலித்துக்கொள்ளலாம் என்று 2015-இல் கென்யெய் வழக்கு தீர்த்து வைத்தது. இதில் ஆட்டோவின் காப்பீட்டு நிறுவனம் மட்டும் மக்கள் நீதிமன்றத்துக்கு வந்து சிறு தொகைக்கு முடித்து, மெமோவில் 'முழுமையாகவும் இறுதியாகவும்' என்று எழுதிவிட்டால், முழுத் தொகையும் வாங்கியாயிற்று என்று லாரித் தரப்பு வாதாட இடம் கிடைக்கிறது. இந்தத் தொகை ஆட்டோ தரப்பின் பங்குக்கு மட்டுமே, லாரி உரிமையாளர், அவருடைய காப்பீட்டு நிறுவனம் மீதான கோரிக்கை தொடர்கிறது என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது, அங்குள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 877.6. தவறு செய்த பலரில் ஒருவர் மட்டும் சமரசம் செய்தால், அது நல்லெண்ணத்தில் செய்யப்பட்டதா என்று நீதிமன்றத்திடம் முடிவு கேட்கலாம். ஆம் என்றால் மற்றவர்கள் அவரிடம் பங்கு கேட்க முடியாது. பாதிக்கப்பட்டவருக்கு அவர் கொடுத்த தொகை மற்றவர்களின் கடனில் கழியும். 1985-இல் டெக்-பில்ட் வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரையறுத்தது: முழு வழக்கு நடந்தால் தோராயமாக எவ்வளவு கிடைக்கும், அதில் இவர் பங்கு எவ்வளவு, கொடுக்கும் தொகை எவ்வளவு, பாதிக்கப்பட்டவர்களுக்குள் அதை எப்படிப் பிரிக்கிறார்கள், சமரசம் என்பதால் ஓரளவு குறையலாம் என்ற புரிதல், அவருடைய காப்பீட்டு வரம்பும் பண நிலையும், கூட்டுச் சதியோ ஏமாற்றோ இருக்கிறதா என்பது. அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது. அந்தக் கேள்விகளை நம் நீதிபதி கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. மக்கள் நீதிமன்றம் நீதி, நேர்மை, நியாயம் ஆகிய கோட்பாடுகளின்படி நடக்க வேண்டும் என்று பிரிவு 20(4) ஏற்கெனவே சொல்லித்தான் இருக்கிறது.

நம்மிடமே முன்னுதாரணமும் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 28, முதலாளியும் தொழிலாளியும் செய்த மொத்தத் தொகை ஒப்பந்தம் ஆணையரிடம் பதிவாக வேண்டும் என்றது. தொகை போதாது என்றாலோ, ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கியது என்றாலோ பதிவு செய்ய மறுக்கும் அதிகாரத்தை ஆணையருக்குக் கொடுத்தது. மணலி ஆலைகளில் விபத்து நடந்தபோதெல்லாம் தொழிற்சங்கத்தினர் பிடித்துக்கொண்ட பிரிவு அது. நூறாண்டுக்கு முன் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த அந்தப் பார்வை, லாரி மோதிய குழந்தைக்கு இன்று கிடைக்க வேண்டும்.

மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தையும் உயர் நீதிமன்றத்தையும் நாங்கள் கேட்பது புதிய சட்டம் அல்ல. ஒவ்வொரு ஜாயின்ட் மெமோவோடும் ஒரு பக்கக் கணக்குத் தாள் இணைக்கப்பட வேண்டும்: வயது, வருமானம், பெருக்கு எண், ஊனச் சதவீதம், சம்பாத்திய இழப்புச் சதவீதம், ஒவ்வொரு தலைப்புக்கும் தொகை, வட்டி, இவற்றில் விட்டுக்கொடுத்தது எவ்வளவு. அதைத் தமிழில் படித்துக் காட்டியதாக அமர்வின் குறிப்பு வேண்டும். சிறார், மூளைக் காயம், 50 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ள வழக்குகளை மக்கள் நீதிமன்ற நாளின் நெரிசலில் எடுக்காமல், இரண்டு வாரம் முன்பே முன்னமர்வில் எடுத்து, தேவைப்பட்டால் மருத்துவக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். வழக்கறிஞர்கள் விலகி நிற்க, நீதிபதி பாதிக்கப்பட்டவரிடம் நேரடியாக ஐந்து நிமிடம் பேச வேண்டும். எவ்வளவு வருகிறது, எந்தக் கணக்கில் வருகிறது, இனி எதுவும் கேட்க முடியாது என்று தெரியுமா என்ற மூன்று கேள்விகள் போதும். எண்ணிக்கை குறையும் என்பார்கள். குறையட்டும்.

உத்தரவுக்குப் பிறகும் கவனம் தேவை. குழந்தையின் பங்கு பதினெட்டு வயது வரை வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் காப்பாளர் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவில் எழுதிக் கேட்டால் பொதுவாகத் தருகிறார்கள். கேட்காவிட்டால் வட்டியும் உள்ளேயே இருக்கும். வங்கிகள் இணைந்ததில் பல கிளைகளின் பெயரும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் மாறிவிட்டன. அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது ஓர் உதாரணம். வைப்புச் சீட்டின் நகல், வழக்கு எண், உத்தரவுத் தேதி மூன்றையும் வீட்டில் பத்திரமாக வைத்து, முகவரி மாறினால் தீர்ப்பாயத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். வயது வந்ததும் பிறப்புச் சான்று, ஆதார், சொந்த வங்கிக் கணக்கோடு பணம் கோரும் மனு போட வேண்டும். தானாக எதுவும் கைக்கு வராது. பெரியவர்களுக்குத் தொகை அவரவர் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும்.

கடைசியாக, மருத்துவமனை வாசலில் எதுவும் நிரப்பாத வக்காலத்தில் (வழக்கு நடத்த அதிகாரம் தரும் தாள்) கையெழுத்து வாங்குகிறவர்களுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் கழக விதிகள் தடை செய்கின்றன. லாரி உரிமையாளர் காவல் நிலையத்தில் இருபதாயிரம் கொடுத்து 'இனி வழக்கு வேண்டாம்' என்று எழுதிக் கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவரைத் தரப்பாகச் சேர்க்காமல் காப்பீட்டு நிறுவனம் செய்யும் சமரசம் செல்லாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 153. ஆனால் இப்படிப்பட்ட ஏற்பாடுகளை நம்பி உட்கார்ந்தால், மனு போடச் சட்டம் தரும் ஆறு மாதக் கெடு ஓடிவிடும். பெண்கள், குழந்தைகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் நேரிலோ, 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம். ஜாயின்ட் மெமோவில் கையெழுத்துப் போடுமுன் இரண்டாவது கருத்து வேண்டும் என்று கேட்கவும் அதே எண்தான்.

இப்படிக்கு,
விபத்து இழப்பீட்டு வழக்கறிஞர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.